தண்டனையைக் கூட்டியாயிற்று, சாட்சி சொல்ல வரும் பிள்ளையோடு யார் நிற்பது?

குழந்தைக்கு ஏதாவது நடந்துவிட்டதென்று பேப்பரில் செய்தி வந்த அன்று பாளையங்கோட்டை டீக்கடையிலும் சரி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சரி, பேச்சு ஒரே பாதையில்தான் போகும். "இவனுவள நடுரோட்டுல நிப்பாட்டிச் சுடணும் வே, நம்ம சட்டத்துல பவர் பத்தாது." கோபம் நியாயமானதுதான். பவர் பத்தாது என்கிற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது, ஏனென்றால் இன்றைக்குப் புத்தகத்தில் இருக்கிற சட்டத்தை எடுத்து வாசித்தால் அதில் தண்டனைக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடலாம். 2012 நவம்பர் 14-ஆம் தேதிதான், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பெண் குழந்தைக்கு நடந்தால் பலாத்கார வழக்கு, இல்லையென்றால் மானபங்க வழக்கு. ஆண் குழந்தைக்கு நடந்தால், இயற்கைக்கு மாறான உறவு என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 377-ஆவது பிரிவை விட்டால் போலீசுக்கு வேறு வழியே கிடையாது. 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பாதிக்கும் மேல், அதாவது 53 சதவீதத்துக்குச் சற்று அதிகமான குழந்தைகள், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். தனிச்சட்டம் வேண்டுமென்ற பேச்சு அதற்கப்புறம்தான் வேகம் பிடித்தது. வந்த சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும், ஆண் பெண் பார்க்காமல், குழந்தை என்றே எடுத்துக்கொண்டது.

அப்புறம் தண்டனை ஏறிக்கொண்டே வந்தது. 2018-இல் ஜம்மு பக்கம் கத்துவாவில் எட்டு வயதுச் சிறுமிக்கு நடந்த கொடூரம் நாட்டையே உலுக்கியபோது, 12 வயதுக்குட்பட்ட பெண் குழந்தையைப் பலாத்காரம் செய்தால் மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019-இல் போக்சோவையே திருத்தி, 16 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் குறைந்தபட்சம் 20 ஆண்டு என்றும், சொந்தக்காரர், ஆசிரியர், போலீஸ்காரர் போன்றவர்கள் செய்கிற கொடுமை, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் செய்கிற கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 20 ஆண்டு, அதற்கு மேல் சாகும்வரை சிறை அல்லது தூக்கு என்றும் வைத்தார்கள். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 65-ஆவது பிரிவிலும் இதே கடுமைதான், அந்தப் பிரிவில் வழக்கு விழுந்தால் முன்ஜாமீனும் கிடையாது. துணிக்கு மேல் தொட்டால் போக்சோ ஆகாது, தோலோடு தோல் பட வேண்டும் என்று நாக்பூரில் ஒரு தீர்ப்பு வந்ததே, அதையும் 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டுவிட்டது. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தைச் செல்போனில் இறக்கிப் பார்த்தால் மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தாயிற்று. தூக்கு வரை போன பிறகு கூட்டுவதற்கு மேலே என்ன இருக்கிறது?

சரி, பிறகு எங்கே ஓட்டை என்று கேட்டால், குற்றம் நடந்த வீட்டிலிருந்து நீதிமன்றக் கூண்டு வரை உள்ள தூரத்தில் என்பேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில் ஒரு விஷயம் மட்டும் மாறுவதே இல்லை. போக்சோவின் பெரிய வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், செய்தவர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர். பக்கத்து வீட்டுக்காரர், உறவுக்காரர், வாத்தியார், சில சமயம் பெற்றவரே. இதை நம்மூருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்போம். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் ஏதோ ஒரு வளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வாசல் பொம்பளைகள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து, கணக்கு முடித்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிவரப் போகிற நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள் தாய். எதிர்வீடு என்றால் அந்நியமா என்ன, மாமா முறை. கொஞ்ச நாளில் பிள்ளை "நான் அங்க போ மாட்டேன்" என்று அழ ஆரம்பிக்கிறது. அடித்துக் கேட்டும், கொஞ்சிக் கேட்டும் ஒருநாள் விஷயம் வெளியே வருகிறது.

அவள் முதலில் போய்ச் சொல்வது போலீசிடம் இல்லை, மாமியாரிடம். "சவத்தத் தள்ளு, வெளியே தெரிஞ்சா நம்ம பிள்ளைக்குத்தான் கேவலம்." புருஷன் வெளியூரில் வேலை. எதிர்வீட்டுக்காரனின் அண்ணன் கோயில் வரிதாரர்களில் முக்கியமான ஆள், கடனும் அவரிடம்தான் வாங்கியிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அப்போது அவர்கள் எடுத்துப் போடுகிற முதல் வாதம் என்ன தெரியுமா? சட்டத்தின் கடுமைதான். "இருவது வருசம்லா உள்ள போட்டுருவான். அவன் பொண்டாட்டி பிள்ளைக தெருவுல நிக்கும். அந்தப் பாவம் ஒனக்கு எதுக்குத்தா?"

பாராளுமன்றத்தில் உட்கார்ந்து தண்டனையைக் கூட்டியவர்கள் இந்த வாசலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். குற்றவாளி அந்நியனாக இருந்தால் 20 ஆண்டு என்பது அவனுக்குப் பயம். சொந்தக்காரனாக இருக்கும்போது அதே 20 ஆண்டு புகார் கொடுக்க நினைக்கிற தாயின் தலையில்தான் முதலில் ஏறுகிறது. தண்டனையைக் குறை என்று சொல்லவில்லை. அந்தப் பாரத்தை ஒற்றை ஆளாய்ச் சுமக்கிற அவளுக்குச் சட்டம் யாரைத் துணைக்கு அனுப்புகிறது என்பதுதான் என் கேள்வி.

அந்தத் துணையும் சட்டத்தில் எழுதித்தான் இருக்கிறது. பலருக்கும் தெரியாத பகுதி அதுதான். விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோவின் 19-ஆவது பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. பள்ளிக்கோ விடுதிக்கோ பொறுப்பானவர் தன் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ஆக ராத்திரி வந்து உட்கார்ந்து பேசி முடித்த அந்த நாலு பேரும் குற்றவாளிகள். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-இல் இருக்கிறது. மகாராஷ்டிராவில் பழங்குடி மாணவிகளின் விடுதியில் நடந்த கொடுமை தெரிந்தும் தகவல் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் மேல் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, தகவல் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று சொன்னது. நம் பக்கத்தில் ஊர்ப் பெரியவர் யாராவது இந்தப் பிரிவில் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடங்களில் "ஸ்கூல் பேரு கெட்டுரும்" என்று டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புகிற பழக்கம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, அவள் துணிந்து கிளம்பிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளையின் வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்புகிற வேறு இடத்திலோ வைத்துத்தான் பதிய வேண்டும், கூடியமட்டும் சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கிச் சட்டை இல்லாமல் வர வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் 24-ஆவது பிரிவு. வளவுக்குள் ஜீப் வந்து நின்றாலே ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் "வேறு இடத்தில் வைத்துக் கேளுங்கள்" என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. "இது எங்க லிமிட் இல்லம்மா" என்கிற பதிலும் செல்லாது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து எந்த ஊர் எந்த எல்லை என்கிற குழப்பம் நம்மாட்களுக்குக் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கி எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுத்திலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டுவா என்று கேட்டு அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்.

இப்போது அந்தப் பிள்ளை எத்தனை முறை அதையே சொல்கிறதென்று பாருங்கள். அம்மாவிடம் ஒருமுறை. பெண் போலீசிடம். பரிசோதித்த டாக்டரிடம். வாக்குமூலம் வாங்குகிற மாஜிஸ்திரேட்டிடம். பாதுகாப்பு தேவைப்படுகிற பிள்ளைகளுக்காக மாவட்டத்தில் இருக்கிற குழந்தைகள் நலக் குழுவின் முன்னால். கடைசியில் சிறப்பு நீதிமன்றத்தில், அதுவும் எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்கு நடுவே. ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை கூடக்குறைய வரத்தான் செய்யும், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேதி, கிழமை, மணி எங்கே ஞாபகம் இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் குறுக்கு விசாரணையில் பிடித்து இழுப்பார்கள். வக்கீல் நேரடியாகப் பிள்ளையைக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு அலையவிடக் கூடாது, குற்றஞ்சாட்டப்பட்டவன் முகத்தைப் பிள்ளை பார்க்கும்படி வைக்கக் கூடாது என்று 33, 36-ஆவது பிரிவுகள் சொல்கின்றன. உள்ளே திரை போட்டுவிடலாம். வெளியே வராந்தாவில், பஸ் ஸ்டாண்டில், ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவனுடைய ஆட்கள் இதே பெஞ்சிலும் இதே சீட்டிலும்தானே உட்கார்ந்திருப்பார்கள்?

நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது 35-ஆவது பிரிவு, ஆனால் கூடியமட்டும் என்றொரு வால் அதிலும் இருக்கிறது. புலனாய்வை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நூறு வழக்குக்கு மேல் உள்ள மாவட்டங்களில் போக்சோவுக்கென்றே தனி நீதிமன்றம் வேண்டும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, நெல்லையிலும் அப்படி ஒன்று இயங்குகிறது. ஆனாலும் வாய்தா மேல் வாய்தா என்பது நம் கோர்ட்டுகளின் சுபாவம். தடயவியல் அறிக்கை வரவில்லை, சாட்சி வரவில்லை, வக்கீல்கள் புறக்கணிப்பு, நீதிபதி மாறுதல். எட்டு வயதில் நடந்ததைப் பிள்ளை பதினோரு வயதில் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கிடையே அந்த நாலு பேரும் சும்மா இருப்பார்களா? கடன் தள்ளுபடி, கல்யாணச் செலவு, மிரட்டல் என்று ஏதோ ஒன்று நடந்து, கடைசியில் தாயே பிறழ்சாட்சியாகிவிடுவாள், அல்லது பிள்ளை "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிடும். குற்றவாளி விடுதலை. அப்புறம் ஊரில் பேசிக்கொள்வார்கள், "பாத்தியா, பொய் கேசுதான்" என்று.

சமரசம் என்று எழுதிக் கொண்டுபோய் உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யச் சொல்கிற வழி ஒன்றும் இருந்தது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேலான வழக்கை அப்படி முடித்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, இது இரண்டு குடும்பத்துக்கு நடுவே உள்ள விவகாரம் மட்டும் இல்லை என்று சொல்லி வழக்கை மறுபடி உயிர்ப்பித்தது. என்னைக் கேட்டால் தூக்குத் தண்டனைத் திருத்தத்தைவிட இந்தத் தீர்ப்பு பெரியது. பேசி முடிக்கிறவர்களின் கையில் இருந்த கடைசிச் சீட்டைப் பிடுங்கியது அதுதான்.

இதற்கு நேர் எதிரான பக்கம் ஒன்றும் இருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பி ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பையன் வேறு சாதி. நம் பக்கத்தில் இது எங்கே போய் முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நடந்தபோது பேசி முடிக்கச் சொன்ன அதே ஆட்கள் இப்போது முதல் ஆளாக ஸ்டேஷனில் நிற்பார்கள், போக்சோ போடச் சொல்லி. பெண் கர்ப்பமாகிவிட்டால் சட்டப்படி அது கடுங்குற்ற வகையில் விழுந்துவிடும், குறைந்தபட்சமே 20 ஆண்டு, நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. வளரிளம் பருவக் காதலை உள்ளே தள்ளுவதற்காக இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழக டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் 2023-இல் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரை உள்ளவர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் தண்டனை விஷயத்தில் நீதிபதிக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுக்கலாம் என்றது. அந்தத் திருத்தம் வராத நிலையில், 2025 மே மாதம் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் குற்றஞ்சாட்டப்பட்ட ஆளைத் தண்டனை இல்லாமல் விட முடிந்தது. அந்தப் பெண்ணை நடந்த சம்பவத்தைவிட அதற்குப் பின்னால் வந்த போலீசும் கோர்ட்டும் அலைச்சலும்தான் அதிகம் வருத்தின என்று நீதிமன்றமே எழுதியது. குறைந்தபட்சத் தண்டனையை ஏற்றி வைத்துவிட்டு நீதிபதியின் கையைக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

பாலியல் குற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அடி உதையை மறந்துவிடுகிறோம். பள்ளியில் அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது, ஆனால் மீறினால் துறைரீதியான நடவடிக்கை என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. "கண்ண மட்டும் விட்டுட்டு மீதிய உரிச்சிருங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த ஊர்தானே நம்முடையது. குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இருக்கிறது, சாதாரணமாக மூன்று ஆண்டு வரை சிறை, காப்பகத்தில் வேலை பார்ப்பவரே செய்தால் ஐந்து ஆண்டு வரை. ஆனால் 2021-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளையை விற்பது, வேலைக்கு வைத்துச் சுரண்டுவது எல்லாம் இதில் வந்துவிடுகிறது. ஒரு கையால் தூக்கு வரை ஏற்றிய அதே அரசு இன்னொரு கையால் இதைச் செய்தது பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. சட்டத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று கொடி பிடிக்கிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இங்கேதான்.

நாங்குநேரியையும் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள்தான். அங்கே வெட்டுப்பட்டதும் குழந்தை, வெட்டியதும் சட்டத்தின் கண்ணில் குழந்தை. போக்சோவும் தூக்கும் அங்கே எதற்கு உதவும்? கையில் கலர் கயிறு கட்டி எந்தப் பையன் எந்தச் சாதி என்று அடையாளம் காட்டுகிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2019-இலேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது, எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கிக்கொண்டது. நாங்குநேரிக்கு அப்புறம் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறு, மோதிரம், பள்ளிப் பெயரில் சாதி என்று அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. இது தனியாகவே எழுத வேண்டிய விஷயம், இங்கே இவ்வளவு போதும்.

எதைத்தான் பலப்படுத்துவது என்றால் நான் முதலில் கைகாட்டுவது துணை நபரை. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தக் குழு வழக்கு முடியும்வரை பிள்ளையோடு கூடவே வர ஒரு துணை நபரை அமர்த்தலாம் என்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூட வருவது, அடுத்த வாய்தா எப்போது என்று சொல்வது, யாராவது மிரட்டினால் போலீசுக்குத் தெரிவிப்பது எல்லாம் அவர் வேலை. இதை ஒப்புக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, கட்டாயம் நடக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தனியாகவே ஓர் உத்தரவு போட்டது. இவருக்கு ஒழுங்கான சம்பளமும் வண்டிச் செலவும் பயிற்சியும் கொடுத்து மாவட்டம் முழுக்கப் போதுமான ஆட்களை வைப்பதற்கு ஆகிற காசு, ஒரு மேம்பாலத்தின் தூணுக்குக்கூடக் காணாது. இடைக்கால இழப்பீட்டையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகே சிறப்பு நீதிமன்றம் அதைக் கொடுக்கலாம். நாள் முழுக்கப் பீடி சுற்றிப் பிழைக்கிறவள் கோர்ட்டுக்கு வருகிற ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கிறாள், கடன் கொடுத்தவன் முன்னால் வாயடைத்தும் போகிறாள். அந்தப் பணம் காலத்தில் கைக்கு வந்தால் அவள் பிறழ்சாட்சியாக மாற வேண்டிய காரணங்களில் பாதி போய்விடும்.

யாருக்காவது இப்படி ஒரு நிலைமை வந்தால், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், பேர் சொல்ல வேண்டியதில்லை. மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் மூன்றைக் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்: எஃப்.ஐ.ஆர். காப்பி, புகார் கொடுத்தவர்களின் உரிமைகளை அச்சடித்துத் தர வேண்டிய படிவம், குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் அனுப்பிய விவரம். படிவம் கைவசம் இல்லை என்று சொன்னால் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் குழுவின் முன்னால் போய் நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எங்கள் பிள்ளைக்குத் துணை நபர் யார், அவர் போன் நம்பர் என்ன என்பது.